முற்றல் கறியும் குக்கரும்: கச்சா எண்ணெயில் தரம் என்றால் என்ன?

மார்கழி மாதக் காலையில் தேங்காய் எண்ணெய் பாட்டிலைத் தலைகீழாகக் கவிழ்த்தாலும் ஒரு சொட்டு விழாது. வெந்நீரில் கொஞ்ச நேரம் வைக்க வேண்டும். ராஜஸ்தானின் பார்மர் மாவட்டத்தில் மங்களா என்றொரு எண்ணெய் வயல் இருக்கிறது. அங்கே கிடைக்கும் கச்சா எண்ணெய்க்கும் இதே குணம்தான். அதில் மெழுகு அதிகம், சாதாரண வெப்பநிலையிலேயே கட்டிப்போய் நின்றுவிடும். 2004-ல் வயலைக் கண்டுபிடித்தவர்களுக்கு எண்ணெய் கிடைத்த சந்தோஷத்தோடு ஒரு தலைவலியும் சேர்ந்தே வந்தது. இதை எப்படிக் குஜராத் கடற்கரை வரை கொண்டுபோவது? கடைசியில் சுமார் 670 கிலோமீட்டர் நீளக் குழாய் முழுவதையும் சூடாகவே வைத்திருக்க ஏற்பாடு செய்தார்கள். தார் பாலைவனத்தில் வெயில் கொளுத்தும் நாளிலும் அந்தக் குழாய்க்குத் தனியாகச் சூடு கொடுத்துக்கொண்டேதான் இருக்கிறார்கள்.

வெனிசுவேலாவின் ஒரினோகோ படுகைக்குப் போனால் கதை வேறு. அங்கே இருப்பது ரோட்டுக்குப் போடும் தார் மாதிரி. நாஃப்தா போன்ற மெல்லிய திரவத்தைக் கலந்து இளக்கினால்தான் குழாயில் நகரும். மலேசியாவின் டாபிஸ் எண்ணெயோ நேர் எதிர், அவ்வளவு இலேசு. இவை எல்லாவற்றையும் நாம் 'கச்சா எண்ணெய்' என்ற ஒரே பெயரில் அழைக்கிறோம். டிவி செய்தியிலும் கீழே ஓடும் வரியில் ஒரே ஒரு விலைதான் வருகிறது.

கடைக்குப் போய் "அரிசி கிலோ என்ன விலை?" என்று கேட்டுப் பாருங்கள். "எந்த அரிசி?" என்றுதான் கடைக்காரர் திருப்பிக் கேட்பார். பொன்னியா, இட்லி அரிசியா, சீரகச் சம்பாவா என்று தெரியாமல் விலை சொல்ல முடியாது. எண்ணெய்ச் சந்தையிலும் அப்படித்தான். நூற்றுக்கும் மேற்பட்ட வகைகள் விற்பனையாகின்றன, ஒவ்வொன்றுக்கும் தனி விலை.

கனம், கந்தகம்

எண்ணெயைப் பற்றி வாங்குகிறவர் கேட்கும் முதல் கேள்வி கனம். இதற்கு ஏபிஐ என்ற அளவுகோல் இருக்கிறது. அமெரிக்கப் பெட்ரோலியக் கழகத்தின் பெயரிலிருந்து வந்த சுருக்கம் அது. முதல்முறை பார்ப்பவரைக் குழப்பும் அளவுகோல், ஏனென்றால் எண் ஏற ஏற எண்ணெய் இலேசாகிறது. தண்ணீரின் ஏபிஐ 10. அதற்கு மேலே உள்ளது தண்ணீரில் மிதக்கும், கீழே உள்ளது மூழ்கும். பொதுவாக 31-க்கு மேல் இருந்தால் இலேசு, 22-க்குக் கீழே போனால் கனம், இடையில் இருப்பது நடுத்தரம். வட கடலின் பிரென்ட் சுமார் 38. அமெரிக்காவின் டபிள்யூடிஐ கிட்டத்தட்ட 40. சவூதியின் அரபு லைட் 33, துபாய் 31, மெக்சிகோவின் மாயா 22-ஐ ஒட்டி, வெனிசுவேலாவின் மேரே 16.

இலேசு, கனம் என்பதற்கு உள்ளே இருக்கும் சங்கதி என்ன? எண்ணெய் என்பது கார்பனும் ஹைட்ரஜனும் கோத்த சங்கிலிகளின் கலவை. சின்னச் சங்கிலிகள் பெட்ரோலாகும். அதைவிடக் கொஞ்சம் நீளமானவை மண்ணெண்ணெய், விமான எரிபொருள், டீசல். மிக நீளமாகவும் சிக்கலாகவும் பின்னிக்கிடப்பவை தாரும், உலைகளில் எரிக்கும் கெட்டி எண்ணெயான பர்னஸ் ஆயிலும். இலேசான எண்ணெயில் சின்னச் சங்கிலிகள் அதிகம். கனமானதில் தார் அதிகம். காசு தருவது எது என்று சொல்லத் தேவையில்லை.

இதில் ஒரு சின்ன வேடிக்கையும் உண்டு. உலகம் எண்ணெயைப் பேரல் கணக்கில் விற்கிறது, இந்தியாவில் ஆலைகளின் திறனை டன் கணக்கில் சொல்கிறார்கள். பேரல் என்பது கொள்ளளவு, சுமார் 159 லிட்டர். டன் என்பது எடை. ஒரு டன் பிரென்ட் வாங்கினால் கிட்டத்தட்ட ஏழரைப் பேரல் வரும். ஒரு டன் மேரே வாங்கினால் ஆறரைப் பேரல்தான். ஆகவே 'ஒரு டன் இத்தனை பேரல்' என்று கண்ணை மூடிக்கொண்டு பெருக்குகிறவர்களின் கணக்கு எப்போதும் கொஞ்சம் இடிக்கும்.

இரண்டாவது கேள்வி கந்தகம். அரை சதவீதத்துக்குக் குறைவாக இருந்தால் 'இனிப்பு' எண்ணெய், அதற்கு மேல் 'புளிப்பு' எண்ணெய் என்பது சந்தை வழக்கு. 19-ஆம் நூற்றாண்டில் பென்சில்வேனியாவில் எண்ணெய் தேடியவர்கள் கொஞ்சம் நாக்கில் வைத்தே பார்ப்பார்களாம். கந்தகம் குறைவாக இருந்தால் லேசான தித்திப்பு தெரியுமாம். நமக்கு அந்த வேலை வேண்டாம், ஆனால் பெயர் மட்டும் இன்றுவரை ஒட்டிக்கொண்டிருக்கிறது. டபிள்யூடிஐயில் கந்தகம் கால் சதவீதம் அளவில் இருக்கும். துபாயில் 2 சதவீதம், மாயாவில் 3 சதவீதத்துக்கும் மேல்.

2 சதவீதம்தானே என்று நினைக்கலாம். ஒரு நாளைக்கு ஒரு லட்சம் பேரல் காய்ச்சும் ஆலைக்கு அது சுமார் 270 டன் கந்தகம். இன்னொரு பக்கத்திலிருந்தும் பார்க்கலாம். 2020 ஏப்ரல் 1 முதல் இந்தியா முழுக்க பிஎஸ்-6 தரம் வந்தது. அதன்படி பெட்ரோலிலும் டீசலிலும் கந்தகம் பத்து லட்சத்தில் 10 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது. 2 சதவீத எண்ணெயில் அது பத்து லட்சத்தில் 20,000 பங்கு. இருபதாயிரத்தைப் பத்தாக்கி வண்டியில் ஊற்றித் தர வேண்டும். எங்கிருந்தோ வந்த புளிப்பு எண்ணெய்க்கும் நம் ஊர் பங்கில் டீசல் போடுகிறவருக்கும் இடையில் நடக்கும் பெரிய வேலை இதுதான்.

ஆலைக்குள் நடப்பது

சுத்திகரிப்பின் முதல் கட்டம் நம் ஊரில் பன்னீர் வடிக்கிற வேலைக்குத் தூரத்துச் சொந்தம். எண்ணெயை 350 டிகிரிக்கு மேல் சூடாக்கி உயரமான ஒரு கோபுரத்துக்குள் விடுவார்கள். இலேசானவை ஆவியாகி மேலே ஏறும். ஏறுகிற வழியில் குளிர்ந்து அதது அதன் தட்டில் படியும். உச்சியில் சமையல் வாயு, அதற்குக் கீழே நாஃப்தா, பிறகு மண்ணெண்ணெய், டீசல். ஆவியாகாமல் அடியில் தங்குவது எச்சம்.

எல்லா வித்தியாசமும் அந்த எச்சத்தின் அளவில் இருக்கிறது. இலேசான எண்ணெயில் அது மூன்றில் ஒரு பங்கை ஒட்டி இருக்கும். மாயா மாதிரி கனமானதில் பாதியைத் தாண்டிவிடும். காய்ச்சி வடிப்பதோடு நிறுத்திக்கொள்ளும் எளிய ஆலை அந்த எச்சத்தைப் பர்னஸ் ஆயிலாக விற்க வேண்டியதுதான். பர்னஸ் ஆயில் பெரும்பாலும் கச்சா எண்ணெயைவிட மலிவாகத்தான் போகும். வாங்கிய விலைக்குக் கீழே விற்கிற பொருள் பாதி என்றால் கடை எப்படி ஓடும்?

இங்கேதான் குக்கர் வருகிறது. இளங்கறியைச் சாதாரணச் சட்டியில் போட்டால்கூட வெந்துவிடும். முற்றல் கறிக்குக் குக்கர் வேண்டும், நாலைந்து விசில் கூடுதலாக விட வேண்டும். குக்கர் இல்லாதவர் இளங்கறியைக் கூடுதல் விலை கொடுத்துத்தான் வாங்கியாக வேண்டும். குக்கர் இருக்கிறவர் முற்றல் கறியைச் சல்லிசாக வாங்கி அதே ருசிக்குக் கொண்டுவந்துவிடுவார். சுத்திகரிப்பு ஆலையில் அந்த வேலையைச் செய்யும் இயந்திரங்களில் ஒன்றின் பெயர், தற்செயலாக, கோக்கர்.

கோக்கர் எச்சத்தைக் கடுமையாகச் சூடாக்கி நீளச் சங்கிலிகளை உடைக்கும். டீசலுக்கும் பெட்ரோலுக்கும் ஆகிற துண்டுகள் பிரிந்து வரும். மிஞ்சும் கார்பன், நிலக்கரி மாதிரிக் கருப்புக் கட்டியாக நிற்கும். அதுதான் பெட்கோக், சிமென்ட் ஆலைகள் வாங்கி எரிக்கும். ஹைட்ரோகிராக்கர் என்பது இன்னொரு வகை. அதிக அழுத்தத்தில், வினையூக்கியின் துணையோடு, ஹைட்ரஜனைச் செலுத்தி உடைப்பது. டீசலும் விமான எரிபொருளும் நல்ல தரத்தில் கிடைக்கும். ஆனால் கட்டுவதற்கும் ஓட்டுவதற்கும் செலவு ஏராளம்.

கந்தகத்தை நீக்கவும் ஹைட்ரஜன்தான் வேண்டும். எண்ணெய்க்குள் செலுத்திய ஹைட்ரஜன் கந்தகத்தைப் பற்றிக்கொண்டு ஹைட்ரஜன் சல்ஃபைடாக வெளியே வரும். அழுகிய முட்டை நாற்றம் அடிக்குமே, அதே வாயு. நச்சு வாயுவும்கூட. அதை வேறொரு பிரிவுக்கு அனுப்பி மஞ்சள் கந்தகமாக மாற்றிவிடுவார்கள். உலகச் சந்தையில் இன்று விற்கும் கந்தகத்தில் பெரும்பகுதி இப்படி எண்ணெய், எரிவாயு ஆலைகளில் வந்ததுதான். பெரும்பாலும் உரத்துக்கும் அமிலத்துக்கும் போகும். எண்ணெய்க்குள் தொல்லையாக இருந்தது வெளியே வந்ததும் சரக்காகிவிடுகிறது.

எளிமையான ஒரு கற்பனைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இலேசான இனிப்பு எண்ணெய் பேரல் 80 டாலர், கனமான புளிப்பு எண்ணெய் 68 டாலர் என்று வைத்துக்கொள்வோம். சட்டி மட்டும் வைத்திருக்கும் ஆலை 80 டாலர் எண்ணெயைக் காய்ச்சி 84 டாலருக்குச் சரக்கு விற்கிறது. அதே ஆலை 68 டாலர் எண்ணெயைக் காய்ச்சினால் பாதி பர்னஸ் ஆயில் ஆகி 65 டாலர்தான் தேறும். மலிவாக வாங்கியும் நஷ்டம். குக்கர் வைத்திருக்கும் ஆலைக்கு அதே 68 டாலர் எண்ணெயிலிருந்து 82 டாலர் சரக்கு கிடைக்கிறது. ஹைட்ரஜன், எரிபொருள், பராமரிப்பு என்று 6 டாலர் கூடுதலாகப் போனாலும் 8 டாலர் கையில் நிற்கும். எண்ணெய் ஒன்றுதான். யார் வாங்குகிறார் என்பதைப் பொறுத்து அது மட்டச் சரக்காகவும் ஆகிறது, நல்ல சரக்காகவும் ஆகிறது.

ஓர் ஆலையில் இப்படிப்பட்ட இயந்திரங்கள் எவ்வளவு இருக்கின்றன என்பதை ஒரே எண்ணில் சொல்ல நெல்சன் குறியீடு என்று ஒன்று உண்டு. வெறும் காய்ச்சி வடிக்கும் கோபுரத்துக்கு 1. குஜராத் ஜாம்நகர் ஆலைக்கு 21-ஐ ஒட்டிய எண். உலகின் எந்த மூலையில் எந்தக் கனமான எண்ணெய் தள்ளுபடிக்கு வந்தாலும் ஜாம்நகர் பெயர் அடிபடுவது இதனால்தான்.

மணலியும் சப்புகஸ்கந்தவும்

இதைப் புரிந்துகொள்ள எனக்குத் தெரிந்த நல்ல உதாரணம் கிட்டத்திலேயே இருக்கிறது. 1969-ல் பாக் நீரிணைக்கு இரு பக்கமும் இரண்டு ஆலைகள் ஓடத் தொடங்கின. சென்னைக்கு வடக்கே மணலியில் ஒன்று, கொழும்புக்கு அருகே சப்புகஸ்கந்தவில் ஒன்று. இரண்டுக்கும் ஈரான் தொடர்பு உண்டு. மணலி ஆலை இந்திய அரசும், ஈரானின் தேசிய எண்ணெய் நிறுவனமும், ஓர் அமெரிக்க நிறுவனமும் கூட்டாகத் தொடங்கியது. சப்புகஸ்கந்த ஆலை ஈரானின் லைட் வகை எண்ணெயை மனதில் வைத்தே கட்டப்பட்டது.

ஆலை கட்டுவதற்கு முன்பே எந்த எண்ணெய் என்று முடிவு செய்துவிடுவது அந்தக் காலத்து வழக்கம். இப்போதும் பெரிய அளவில் மாறிவிடவில்லை. கோபுரத்தில் தட்டுகள் எத்தனை, உலைக்குச் சூடு எவ்வளவு, குழாய்க்கு என்ன உலோகம் எல்லாமே எண்ணெயைப் பொறுத்தது. மாப்பிள்ளையைப் பார்த்துவிட்டுச் சட்டை தைக்கிற மாதிரி. காவிரிப் படுகையில் நரிமணம் எண்ணெய் கிடைத்தபோது அதற்காகவே நாகப்பட்டினம் பக்கம் பனங்குடியில் 1993-ல் ஒரு சிறிய ஆலை அமைத்தார்கள்.

மணலி ஆலை பிறகு பலமுறை வளர்ந்தது. தொடங்கும்போது ஆண்டுக்கு 25 லட்சம் டன், இப்போது ஒரு கோடியே 5 லட்சம் டன். இரண்டாயிரத்துக்குப் பிறகு ஹைட்ரோகிராக்கர் வந்தது, அதற்கும் பிறகு கோக்கர். ஈரான் எண்ணெய் வராவிட்டால் சவூதி, ஈராக் என்று மாறிக்கொள்ளலாம் என்ற நிலைக்கு வந்துவிட்டது.

சப்புகஸ்கந்த அப்படி வளரவில்லை. நாளைக்கு 50,000 பேரல் அளவில், பெரும்பாலும் காய்ச்சி வடிக்கும் ஆலையாகவே நின்றது. இலங்கையில் வேறு சுத்திகரிப்பு ஆலையும் கிடையாது. 2012-ல் ஈரான்மீது அமெரிக்கா தடையை இறுக்கியபோது இந்தக் கணக்கின் விலை தெரிந்தது. உலகச் சந்தையில் எண்ணெய்க்குப் பஞ்சமில்லை. ஆனால் இந்த ஆலைக்கு ஒத்துப்போகிற எண்ணெய் வேண்டுமே! கனமானதை ஏற்றினால் பர்னஸ் ஆயில் குவியும், மிக இலேசானதை ஏற்றினால் கோபுரத்தின் மேல்தட்டுகள் தாங்காது. ஈரான் லைட்டுக்கு நெருங்கிய வகைகளைத் தேடி அலைய வேண்டியிருந்தது. எண்ணெய் அரசியலில் பெரிய நாடுகளின் சண்டையைப் பற்றித்தான் எல்லோரும் எழுதுகிறார்கள். ஒரு சின்ன ஆலையின் கோபுரத்துக்குள் அந்தச் சண்டை எப்படி வந்து விழுகிறது என்பதை யாரும் அவ்வளவாகச் சொல்வதில்லை.

சில்லறை வில்லன்கள்

கனமும் கந்தகமும் சொல்லிவிட்டால் தரம் முழுவதையும் சொன்ன மாதிரி ஆகாது. எண்ணெயோடு நிலத்தடி உப்புநீர் கலந்து வரும். அதைக் கழுவி நீக்காமல் சூடாக்கினால் ஹைட்ரோகுளோரிக் அமிலம் உண்டாகிக் குழாயை அரிக்கும். அதனால் எந்த ஆலையிலும் முதல் வேலை உப்பைக் கழுவுவது. கனமான எண்ணெய்களில் வனேடியம், நிக்கல் போன்ற உலோகங்கள் இருக்கும். அளவில் துளிதான், ஆனால் விலை உயர்ந்த வினையூக்கியைப் பாழாக்க அந்தத் துளி போதும். இன்னும் சில எண்ணெய்களில் இயற்கையாகவே அமிலம் அதிகம். ஆப்பிரிக்காவின் சாட் நாட்டு டோபா அப்படிப்பட்டது. கந்தகம் மிகக் குறைவாக இருந்தும் தள்ளுபடியில் விற்கும், ஏனென்றால் சாதாரண உலோகக் குழாய்கள் அதைத் தாங்காது.

இந்தச் சில்லறை வில்லன்கள் எவ்வளவு பெரிய கூத்து அடிக்க முடியும் என்பதை 2019 ஏப்ரலில் ஐரோப்பா பார்த்தது. ரஷ்யாவிலிருந்து பெலாரஸ் வழியாகப் போலந்துக்கும் ஜெர்மனிக்கும் போகும் த்ரூஷ்பா குழாயில் கரிமக் குளோரைடு கலந்த எண்ணெய் வந்துவிட்டது. கிணற்றில் எண்ணெய் எடுக்க உதவும் வேதிப்பொருள் அது. ஆலைக்கு அனுப்பும் முன் நீக்கிவிட வேண்டும். அனுமதிக்கப்பட்ட அளவு பத்து லட்சத்தில் 10 பங்கு. வந்ததோ அதைப்போலப் பல மடங்கு. முதலில் கவனித்து முறையிட்டது பெலாரஸ் ஆலை. அடுத்தடுத்து எல்லோரும் வாங்குவதை நிறுத்தினார்கள், குழாய் அடைபட்டது. பல லட்சம் டன் எண்ணெய் கெட்டுப்போன சரக்காக நின்றது. அதன் ஏபிஐயும் கந்தகமும் வழக்கம்போலத்தான் இருந்தன.

சந்தைக்கு வந்தால்

சரி, இத்தனை வகைக்கும் விலை எப்படி வைப்பது? நாலைந்து எண்ணெய்களை அடையாள எண்ணெயாக வைத்துக்கொண்டு மற்றவற்றை அவற்றோடு ஒப்பிட்டு, கூட இவ்வளவு, குறைய இவ்வளவு என்று பேசுவது வழக்கம். ஐரோப்பா, ஆப்பிரிக்கா பக்கம் பிரென்ட். அமெரிக்காவுக்கு டபிள்யூடிஐ. வளைகுடாவிலிருந்து ஆசியாவுக்கு வரும் சரக்குக்குப் பெரும்பாலும் ஓமன், துபாய். சவூதி அரேபியா ஒவ்வொரு மாதமும் தன் வகைகளுக்கு ஆசிய விலையை இந்த ஓமன்-துபாய் சராசரிக்கு மேலே இவ்வளவு, கீழே இவ்வளவு என்றுதான் அறிவிக்கிறது. பிரென்ட் என்பது ஒரு கடல் வாத்தின் பெயர். ஷெல் நிறுவனம் தன் வட கடல் வயல்களுக்கு நீர்ப்பறவைகளின் பெயரை வைத்தது, அதில் ஒன்று உலக விலைக்கே பெயராகிவிட்டது. அந்த ஒரு வயலில் எண்ணெய் வற்றிப்போனதால் பக்கத்து வயல்களின் எண்ணெயையும், 2023-லிருந்து அமெரிக்காவின் மிட்லேண்ட் எண்ணெயையும்கூட, பிரென்ட் கணக்கில் சேர்த்துக்கொள்கிறார்கள்.

செய்தியில் 'இந்தியக் கூடை விலை' என்று வரும். அது இந்திய ஆலைகள் காய்ச்சும் எண்ணெயின் கலவையைக் காட்டும் கணக்கு. அதில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் ஓமன்-துபாய் சராசரி, மீதி பிரென்ட். நம் ஆலைகள் பெரும்பாலும் புளிப்பு எண்ணெயில் ஓடுகின்றன என்பதை அந்த விகிதமே சொல்லிவிடுகிறது.

இலேசு என்றால் எல்லோருக்கும் பிரியம் என்றும் முடிவு கட்டிவிட வேண்டாம். இந்தியாவில் செலவாகும் பெட்ரோலியப் பொருட்களில் 40 சதவீதத்தை ஒட்டி டீசல். லாரி, டிராக்டர், பேருந்து எல்லாம் அதில்தான். மிக இலேசான எண்ணெயில் நாஃப்தாவும் பெட்ரோலும் நிறைய வரும், டீசல் அந்த அளவுக்கு வராது. நமக்கு அரபு லைட் மாதிரி நடுவாந்தரமான எண்ணெய்தான் வசதி.

அமெரிக்காவின் கதை இன்னும் விசித்திரம். அதன் தென்கரையில், டெக்சாஸ், லூசியானா மாநிலங்களில், பெரிய ஆலைகள் பல ஆண்டுகளாகக் கோக்கர்களில் முதலீடு செய்தன. வெனிசுவேலா, மெக்சிகோ, கனடாவிலிருந்து கனமான எண்ணெய் மலிவாக வந்துகொண்டே இருக்கும் என்ற நம்பிக்கை. பிறகு ஷேல் பாறைகளிலிருந்து எண்ணெய் பொங்கியது. அது ரொம்ப இலேசு, ரொம்ப இனிப்பு. கோடிகளைக் கொட்டி வாங்கிய குக்கரைச் சும்மா வைத்துவிட்டு இளங்கறியைச் சமைப்பதா? 2015 டிசம்பரில் கச்சா எண்ணெய் ஏற்றுமதிக்கு இருந்த பழைய தடையை நீக்கினார்கள். இன்று உலகில் அதிகம் எண்ணெய் எடுக்கும் நாடு அதுதான். தன் இலேசான எண்ணெயைக் கப்பலேற்றி அனுப்பிக்கொண்டே கனமான எண்ணெயை வெளியிலிருந்து வாங்குகிறது. 2023-ல் நாளைக்கு சுமார் 40 லட்சம் பேரல் வெளியே போனது, 60 லட்சத்துக்கும் மேல் உள்ளே வந்தது. சொந்தமாக இவ்வளவு எண்ணெய் இருந்தும் ஏன் இறக்குமதி என்று கேட்பவர்களுக்குப் பதில், அந்தக் கோக்கர்களில் இருக்கிறது.

ஒரு வகை எண்ணெய் திடீரென்று காணாமல் போனால் என்ன ஆகும்? 2011-ல் லிபியாவில் உள்நாட்டுப் போர் வந்தது. நாளைக்கு சுமார் 16 லட்சம் பேரல் சந்தையிலிருந்து மறைந்தது. உலக உற்பத்தியில் அது 2 சதவீதத்துக்கும் குறைவு. சவூதி உற்பத்தியைக் கூட்டியும் தட்டுப்பாடு தீரவில்லை. லிபியா எண்ணெய் இலேசு, இனிப்பு. அதை நம்பியிருந்த மத்தியதரைக் கடல் பக்கத்து எளிய ஆலைகளுக்குச் சவூதி எண்ணெய் பொருந்தவில்லை. அந்த ஜூனில் வளர்ந்த நாடுகள் தங்கள் அவசரக் கையிருப்பிலிருந்து 6 கோடிப் பேரல் வெளியே விட்டன. அமெரிக்கா தன் பங்காக விட்ட 3 கோடியும் இலேசான இனிப்பு வகைதான். உப்புக் குகைகளில் இனிப்பையும் புளிப்பையும் அவர்கள் தனித்தனியாகச் சேமித்து வைத்திருந்தது அன்று பயன்பட்டது.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. 2018 கடைசியில் கனடாவின் ஆல்பர்ட்டாவில் கனமான எண்ணெய் குவிந்து, கொண்டுபோகக் குழாய் போதாமல் போனது. அந்த எண்ணெய் டபிள்யூடிஐயைவிட 40 டாலருக்கும் மேல் குறைவாக விற்றது. தரத்துக்காக வழக்கமாகக் கொடுக்கும் தள்ளுபடி அதில் ஒரு பகுதிதான், மீதி முழுக்க வழியில்லாத குறை. கடைசியில் மாநில அரசே தலையிட்டு 2019 ஜனவரியிலிருந்து உற்பத்தியைக் குறைக்கச் சொன்னது.

சட்டம் மாறினாலும் எண்ணெயின் மதிப்பு மாறும். கந்தகம் நிறைந்த பர்னஸ் ஆயிலை வெகுகாலம் வாங்கிக்கொண்டிருந்தவை கப்பல்கள். 2020 ஜனவரி 1 முதல் கப்பல் எரிபொருளில் கந்தகம் அரை சதவீதத்துக்கு மேல் கூடாது என்று சர்வதேசக் கடல்சார் அமைப்பு சொல்லிவிட்டது. அதற்கு முன் மூன்றரை சதவீதம் வரை செல்லும். காய்ச்சி வடிப்பதோடு நிறுத்திய ஆலைகளுக்கு அது பெரிய அடி, அடியில் தங்கும் சரக்கை வாங்க ஆளில்லாமல் போனால் மேலே வருவதன் லாபத்திலிருந்துதான் ஈடுகட்ட வேண்டும். கோக்கர் வைத்திருந்தவர்கள் அதே எச்சத்தை மலிவாக வாங்கிக் காசு பார்த்தார்கள்.

2022-ல் ரஷ்யா உக்ரைன்மீது போர் தொடுத்தபின் அந்நாட்டின் முக்கிய ஏற்றுமதி வகையான உரால்ஸ் எண்ணெய் பிரென்டைவிட ஒரு கட்டத்தில் 30 டாலருக்கும் மேல் குறைந்தது. எண்ணெயின் குணத்தில் ஒரு மாற்றமும் இல்லை, எப்போதும்போல 31-ஐ ஒட்டிய ஏபிஐ, ஒன்றரை சதவீத அளவில் கந்தகம். ஐரோப்பா விலகிக்கொண்டது மட்டும்தான் புதிது. இந்தியா அதற்கு முன் ரஷ்யாவிடம் வாங்கியது மிகக் குறைவு, ஓராண்டுக்குள் நம் இறக்குமதியில் மூன்றில் ஒரு பங்கு அங்கிருந்து வந்தது. தள்ளுபடியைப் பற்றி எல்லோரும் பேசினார்கள். ஆனால் துபாய்க்கும் அரபு எண்ணெய்க்கும் பழகிய இந்திய ஆலைகள் உரால்ஸை அதிகச் சிரமமில்லாமல் காய்ச்ச முடிந்தது என்பதும் அதே அளவு முக்கியம். எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் தன் ஆலையில் வேகாத எண்ணெயை ஒருவரும் வாங்க மாட்டார்.

சப்புகஸ்கந்த அந்த நேரத்தில் எங்கே இருந்தது? 2021 நவம்பரிலிருந்தே எண்ணெய் வாங்க டாலர் இல்லாமல் ஆலையை மூடுவதும் திறப்பதுமாக இருந்தார்கள். 2022 மே மாதம், பொருளாதார நெருக்கடியின் உச்சத்தில், ரஷ்யாவிலிருந்து சுமார் 90,000 டன் எண்ணெய் வாங்கித் திரும்பத் தொடங்கினார்கள். இந்தியா கப்பல் கப்பலாக வாங்கிய உரால்ஸ் அல்ல அது. சைபீரியன் லைட், உரால்ஸைவிட இலேசானது, கந்தகமும் குறைவு.